ஜோன் ஸ்ரைன்பெக்கும் பண்ணைக் கூலியாட்களும்

அமெரிக்காவின் மேற்குக் கரையிலுள்ள கலிபோர்ணியா மாநிலத்திலே சொலடாட் என்றோர் ஊர் உண்டு. 1791 ஆம் ஆண்டிலே ஸ்பானியப் பாதிரிமார் அங்கே ஒரு தேவாலயத்தை நிறுவி, மகனை இழந்து தனித்திருந்த மரியன்னையின் பெயரை அதற்குச் சூட்டினர். ஸ்பானிய மொழியில் அச்சொல்லுக்குத் தனிமை என்பது பொருள். தேவாலயத்தின் பெயரே நாளடைவில் ஊரின் பெயராயிற்று. அவ்வூருக்குச் சில மைல் தெற்கே, ஓர் ஆற்றங்கரையிலே, போர்வைச் சுருளை முதுகிற் சுமந்த இரண்டு கூலியாட்கள் மாலைப் பொழுதில் வந்து தங்குவதாகத் தொடங்குகின்றது, 1937 இல் வெளிவந்த ஒரு சிறு நாவல். எலிகளும் மனிதரும் என்று தமிழிலே கூறத்தக்க பெயரையுடையது அது. ஒரே மாலையிற் படித்து முடித்துவிடலாம். முடித்தபின் உறக்கம் வருவதுதான் அரிது.

அந்நூலின் ஆசிரியர் ஜோன் ஸ்ரைன்பெக் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேலாகிவிட்டது. அவர் பெற்ற பரிசுகளை எடுத்தோதுவது நம் கருத்தன்று. நட்பையும் கைகூடாக் கனவையும் பற்றி இத்துணைச் சுருங்க எழுதிய ஒருவர், அவற்றைத் தம் வாழ்க்கையிலே எங்ஙனம் அறிந்தார் என்பதையே இம்மலரின் வாசகர்க்குச் சொல்ல விரும்புகின்றோம்.

சொலடாட்டுக்கு ஏறத்தாழ 25 மைல் வடமேற்கே உள்ள சலீனாஸ் என்னும் நகரிலே 1902 ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் 27 ஆந் தேதி ஸ்ரைன்பெக் பிறந்தார். பெற்றோருக்குப் பெண்மக்கள் மூவர். ஆண்மகன் இவர் ஒருவரே. கிழக்கே கபிலான் மலைத்தொடர், மேற்கே சாந்தா லூசியா மலைத்தொடர், நடுவே சலீனாஸ் ஆறு பாயும் நீண்ட பள்ளத்தாக்கு. வாற்கோதுமையும், சலாதும், சீனி எடுக்கும் பீற் கிழங்கும் விளையும் மண் அது. நிலமுடையோர் சிலர், அந்நிலத்திலே பருவத்துக்குப் பருவம் வந்து உழைத்துவிட்டுப் போவோர் பலர்.

தாயார் ஒலிவ் அம்மையார் மணத்துக்கு முன் ஆசிரியையாக இருந்தவர். தந்தையார் ஒரு மாவாலையை நடத்தும் பொறுப்பிலிருந்தார். அவ்வாலை மூடப்பட்டது. பின்னர் அவர் தாமே குதிரைத் தீவனமும் தானியமும் விற்கும் கடையொன்றைத் திறந்தார், மோட்டார் வண்டிகள் பெருகிக் குதிரைகள் குறைந்து வந்த காலம் அது, கடையும் நிலைக்கவில்லை. நண்பரின் உதவியாற் கணக்கர் வேலை பெற்று, ஈற்றிலே அம்மாவட்டத்தின் பொருளாளராகிக் குடும்பத்தைத் தாங்கினார். பேச்சுக் குறைந்த மனிதர். தாம் எண்ணியதைச் செய்யமுடியாமற் போன ஒருவரை மகன் சிறுவயதிலேயே வீட்டுக்குள் கண்டார் என்பதை நாம் மறத்தலாகாது. வறிய கூலியாளின் தோல்வியை மட்டும் அறிந்தவர் அல்லர் அவர். கழுத்துப்பட்டி கட்டியவரின் தோல்வியையும் அறிந்தவர்.

ஒன்பது வயதிலே சிற்றன்னை ஒருவர் அவருக்கு ஒரு புத்தகத்தைக் கொடுத்தார். ஆதர் மன்னனையும் அவனுடைய வட்டமேசை வீரரையும் பற்றி மலோரி என்பவர் பதினைந்தாம் நூற்றாண்டிலே பழைய ஆங்கிலத்தில் எழுதிய கதைகள் அவை. எழுத்தைக் கண்டாலே வெறுத்த சிறுவன் அந்தப் பழஞ் சொற்களின் விசித்திரத்திலே மயங்கிப் படிக்கத் தொடங்கினான். தானும் ஒரு வீரன் ஆனான். தங்கை மேரி அவனுக்கு வாளும் பரிசையும் எடுத்துக் கொடுக்கும் ஏவலிளைஞன் ஆனாள். இந்த விளையாட்டை ஈண்டு குறித்து வைப்போம். பின்னர் இதற்கு மீளவேண்டும்.

1919 இல் ஸ்ரான்போட் பல்கலைக் கழகத்திற் சேர்ந்த அவர், ஆறு ஆண்டுகளாக வந்தும் போயும் இருந்து, 1925 இல் பட்டம் பெறாமலே வெளியேறினார். இடையிட்ட மாதங்களிலே ஸ்பிறெக்கல்ஸ் சீனிக் கொம்பனியின் பண்ணைகளிலும், அதன் தொழிற்சாலையிலும் வேலை செய்தார். பகலெல்லாம் வயலிலும் இரவிலே கூலியாட்களின் கொட்டிலிலும் கழிந்த அக்காலமே அவருடைய உண்மையான கல்லூரி என்று சிலர் எழுதுவர். கல்லூரி மலரிலே அதனை நாம் ஒத்துக்கொள்வது சற்றுச் சங்கடமானது. ஆயினும் பட்டப் படிப்பிலே அவர் எழுத்தைக் கற்றார், கொட்டிலிலே எழுதவேண்டிய பொருளைக் கற்றார் என்று கூறினால் இருதிறத்தார்க்கும் நியாயம் செய்ததாகும்.

அக்கொட்டில்களில் உறங்கியோர் எத்தகையோர்? பெரும்பாலும் மணமாகாதவர், அல்லது மனைவி மக்களை எங்கோ விட்டுவிட்டு மறந்தவர். சாக்கு மெத்தையும், தலைமாட்டிலே சவர்க்காரமும் சவரக் கத்தியும் வைக்க அறைந்த ஓர் ஆப்பிள்பெட்டியுமே அவர்தம் வீடு. உண்டியும் உறையுளும் போக மாதம் 50 டொலர் கூலி. அது கைக்கு வந்ததும் நகரத்துக்குச் சென்று மதுவிலும் சூதிலும் பிறவற்றிலும் தொலைப்பர். மறுபடி வேறொரு பண்ணை. யாரும் யாரையும் நம்புவதில்லை. பிசிராந்தையார் கோப்பெருஞ் சோழனை ஒருமுறையேனும் காணாமலே நட்புப் பூண்டார் என்று வகுப்பிலே நாம் கற்பிக்கின்றோம். அருகருகே படுத்து உறங்கி, ஒரே மேசையில் உண்டு, ஒருவர் பெயரை ஒருவர் மறந்து பிரிந்தவர் இவர்கள்.

எழுத்தாளராகும் விருப்பத்தோடு 1925 இல் ஸ்ரைன்பெக் கப்பலேறிப் பனாமாக் கால்வாய் வழியாக நியூயோர்க் சென்றார். மடிசன் சதுக்க அரங்கு கட்டப்பட்ட வேளையிலே சீமெந்து சுமக்கும் கூலியாகச் சேர்ந்தார். பின்னர் ஒரு பத்திரிகையிலே வேலை கிடைத்தது, அதுவும் போயிற்று. கதைகளை வாங்குவார் இல்லை. மறு ஆண்டே கப்பலில் வேலை செய்து ஊர் திரும்பினார். அதன்பின் ராஹோ ஏரிக்கரையிலே பணக்காரர் ஒருவரின் கோடைமனைக்குக் காவலாளாக இருந்தார். பனி மூடிய மாரிகாலத்திலே பேச்சுத் துணைக்கும் ஆளின்றி அவர் தம் முதல் நாவலை எழுதினார். 1929 இல் வெளிவந்த அந்த நூல் ஒரு கடற்கொள்ளைக்காரனின் கதை; அதைப் பற்றி அவருக்கே பின்னாளிற் பெருமை இருந்ததில்லை.

1930 இல் இரண்டு நன்மைகள் வந்தன. கரோல் ஹெனிங் என்னும் பெண்ணை மணந்தார். தந்தையார் பசிபிக் குறோவ் என்ற கடற்கரையூரிலே இருந்த சிறு வீட்டை வாடகையின்றிக் கொடுத்து, மாதம் 25 டொலரும் அனுப்பினார். கடையிலே தோற்ற தந்தை, மகனின் கனவை நம்பிப் பணம் கொடுத்தார் என்பது நம் மனத்தைத் தொடுகின்றது. கரோல் அவர் எழுதியதைத் தட்டெழுத்தில் அடித்தார், பிழை திருத்தினார், மிகையான இடங்களை வெட்டச் சொன்னார்.

மற்றைய நன்மை எட் றிக்கற்ஸ் என்பவரின் நட்பு. அயலூராகிய மொன்ரறேயிலே, மீன் அடைக்கும் தொழிற்சாலைகள் நெருங்கிய தெருவில், கடலோரமாக ஓர் ஆய்வுகூடம் வைத்திருந்தார் அவர். வற்று வேளையிலே பாறை இடுக்குகளிற் சேகரித்த நட்சத்திர மீன் முதலிய உயிரினங்களைப் பதனிட்டுப் பாடசாலைகளின் ஆய்வுகூடங்களுக்கு விற்பது அவர் தொழில். பட்டம் பெறாத அறிஞர். பழைய தேவாலய இசையும் சீனக் கவிதையும் அவருக்குப் பிரியம். அறிஞரும், மீன் தொழிலாளரும், வேலையற்றோரும், தெருப் பெண்களும் அவ்வீட்டிற் சமமாக இருந்து பேசினர். ஸ்ரைன்பெக் பெரும்பாலான மாலைகளிலே அங்கேயே இருந்தார்.

றிக்கற்ஸ் அவருக்குக் கற்பித்தது யாது? ஒரு பாறையிடுக்கைப் பார்க்கும்போது, இது இப்படி இருந்திருக்க வேண்டும் என்று எண்ணாமல், இது இப்படி இருக்கின்றது என்று முதலிற் பார்ப்பது. நண்டு நண்டைத் தின்னுமாயின் நண்டைக் கடிந்துகொள்வதில்லை. இப்பார்வையை மனிதர் மேற் செலுத்தினால் என்ன வரும் என்பதே அந்நண்பர் இருவரும் பல்லாண்டு பேசிய பொருள். நீதிநூல் படித்து வளர்ந்த நமக்கு இது முழுவதும் உடன்பாடன்று. மனிதனைக் கடிந்துகொள்ளத்தான் வேண்டும் என்பது நம் கொள்கை. எனினும் ஒரு நாவலாசிரியனுக்கு அது எத்துணைப் பயன்பட்டது என்பதை மறுப்பதற்கில்லை.

1933 இல் தாயார் வாதத்தால் வீழ்ந்தார். சலீனாஸ் வீட்டிலே அவரைப் பராமரித்துக்கொண்டு, பக்கத்து அறையிலிருந்து எழுதினார் மகன். அம்மாதங்களில் உருவானவை செந்நிறக் குதிரைக்குட்டியைப் பற்றிய கதைகள். அவற்றிலே பில்லி பக் என்னும் பண்ணையாள் வருகின்றான். குதிரைகளைப் பற்றி அவனுக்குத் தெரியாதது இல்லை என்பது முதலாளியின் மகனான சிறுவனின் நம்பிக்கை. குட்டிக்கு நோய் தீரும் என்று அவன் சொன்ன சொல் பொய்த்துவிடுகின்றது. வேறொரு கதையிலே கிற்றானோ என்னும் முதிய கூலியாள், தான் பிறந்த இடத்தில் இறக்கவேண்டும் என்று பண்ணையை நாடி வருகின்றான். அவனைப் பராமரிக்க உரிமையாளர் உடன்படவில்லை. மறுநாட் காலை, வேலைக்கு உதவாத கிழக் குதிரையொன்றில் ஏறி, யாரும் போகாத மலைகளை நோக்கிப் போய்விடுகின்றான். நோயாளியின் கட்டிலருகே இருந்த ஒருவரின் கையெழுத்தை இக்கதைகளில் நாம் காண்கின்றோம். தாயார் 1934 இலும் தந்தையார் 1935 இலும் மறைந்தனர். மகனுக்கு முதன்முதலாகப் பணமும் பெயரும் ஈட்டித்தந்த ரோட்டீயா பிளற் என்னும் நாவல் வெளிவருவதற்குச் சில நாட்களின் முன்னரே தந்தையாரின் மரணம் நேர்ந்தது.

எலிகளும் மனிதரும் 1936 இல் எழுதப்பட்டது. பாதியளவு முடிந்தபோது, ரோபி என்ற நாய்க்குட்டி அந்தக் கையெழுத்துப் பிரதியைக் கடித்துக் குதறிவிட்டது. ஏறத்தாழ இரண்டு மாத உழைப்பு. வேறு பிரதி இல்லை. நாயின் இலக்கிய மதிப்பீடு பிழையானதென்று உறுதியாகக் கூறமுடியாது என்ற கருத்திலே கேலியாகக் கடிதம் எழுதிவிட்டு, மறுபடி தொடங்கினார். பத்திரிகைக் காகிதத்தை ஆடு தின்றுவிட்டது என்று கூறும் மாணவர் இதனை முன்மாதிரியாகக் கொள்ளற்க. அவர் மீண்டும் எழுதினார் என்பதே இங்கு கவனிக்கத்தக்கது.

நூலுக்கு அவர் முதலில் இட்ட பெயர், நடந்த ஒன்று என்ற அளவிற் பொருள்படுவது. அவ்வளவே. குற்றவாளியும் இல்லை, தீர்ப்பும் இல்லை, ஒன்று நடந்தது. றிக்கற்ஸின் மாணவர் வைத்த பெயர் என்று எளிதில் அறியலாம். பின்னர் வைத்த பெயர், ஸ்கொத்லாந்துக் கவிஞர் றொபேட் பேண்ஸ் 1785 இல் இயற்றிய பாட்டிலிருந்து எடுத்தது. உழவன் ஒருவன் ஏர்முனையில் அறியாமற் சிதைத்த எலிவளையைக் கண்டு இரங்கும் பாட்டு அது.

கதையை வாசகர் பலர் அறிவர். ஜோர்ஜ் சிறுத்த உடலும் கூரிய புத்தியும் உடையவன். லெனி மலைபோன்றவன், குழந்தையின் அறிவினன், மெத்தென்ற பொருள்களைத் தடவுவதிலே அடங்காத ஆசை, அளவறியாத கைவலிமை. வடக்கே வீட் என்னும் ஊரிலே ஒரு பெண்ணின் சட்டையைத் தொட்டதால் நேர்ந்த கலகத்திலிருந்து இருவரும் தப்பி வந்திருக்கின்றனர். என்றேனும் பத்து ஏக்கர் நிலமும் ஒரு சிறு வீடும் வாங்கி, யாருக்கும் கைகட்டாமல் வாழ்வது அவர்கள் கனவு. முயல் வளர்க்கும் பொறுப்பு லெனிக்கு. ஜோர்ஜ் அதனைத் திரும்பத் திரும்பச் சொல்லவேண்டும். லெனி மனப்பாடமாக அறிந்தும் திரும்பத் திரும்பக் கேட்பான். பாட்டியிடம் தெரிந்த கதையையே மறுபடி கேட்கும் பிள்ளை அறியாதது என்ன?

இக்கனவின் கணக்கை ஆசிரியர் டொலரிலே தருவதுதான் வியப்பு. நிலத்தின் விலை 600. கொட்டிலைக் கூட்டித் துடைக்கும் கிழவன் கான்டி பண்ணை யந்திரத்தில் ஒரு கையை இழந்தவன். அதற்கு ஈடாகக் கிடைத்த 250 டொலரோடு, வங்கியில் 50, மாதமுடிவில் வரும் கூலி 50, ஆக 350 டொலர் தருவதாகக் கூறித் தன்னையும் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சுகின்றான். அதுவரை தாலாட்டாக இருந்த கனவு அக்கணத்திலே நடக்கக்கூடிய காரியமாகிவிடுகின்றது. மூவரும் வாயடைத்து ஒருவரை ஒருவர் நோக்குகின்றனர். இழந்த கையின் விலையே கனவின் பெரும்பங்கு என்பதை ஆசிரியர் விளக்கிச் சொல்லவில்லை. எண்களை வைத்துவிட்டு அப்பாற் போகின்றார்.

அதே கான்டியின் கிழநாயை, நாற்றம் பொறுக்க முடியவில்லை என்று கூறி, கால்சன் என்பவன் வெளியே கொண்டுபோய்ச் சுடுகின்றான். வெடிச்சத்தம் கேட்கும்வரை கொட்டிலில் உள்ளோர் வேறு பேச்சுப் பேச முயல்கின்றனர், எடுபடவில்லை. சத்தம் கேட்டதும் கிழவன் மெல்லச் சுவரின் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கின்றான். தானே சுட்டிருக்கவேண்டும், அயலானை விட்டிருக்கக் கூடாது என்று பின்னர் ஜோர்ஜிடம் கூறுகின்றான். இறுதியில் ஜோர்ஜின் கையில் இருப்பதும் கால்சனின் துப்பாக்கியே.

மூலையிற் கிடக்கும் ஒரு சிறு நிகழ்ச்சி நம்மை மிகவும் ஈர்த்தது. கொட்டிலிலே ஒருவன் ஒரு மலிவுச் சஞ்சிகையைப் பத்திரமாக வைத்திருக்கின்றான். முன்னொரு காலத்தில் அதே கொட்டிலிற் படுத்து வேலை செய்த ஒருவன் எழுதிய கடிதம் அதில் அச்சாகியிருக்கின்றது. அதனை மற்றொருவனைக் கொண்டு உரக்க வாசிப்பிக்கின்றான். பிறர் கையிற் கொடுக்க மனமில்லாமல் மீண்டும் பெட்டியில் வைக்கின்றான். தமக்குத் தெரிந்த ஒருவனின் பெயர் அச்சிலே கண்டதற்கு அவ்வளவு மகிழ்ச்சி. இம்மலரைக் கையில் எடுத்ததும் முதலிலே தம் வகுப்புத் தோழரின் பெயரைத் தேடிய பழைய மாணவர் அம்மகிழ்ச்சியை எள்ளமாட்டார்.

குறூக்ஸ் என்ற கறுப்பினத்தவன், தோல்நிறம் காரணமாகக் கொட்டிலில் அனுமதியின்றிச் சேணமும் கடிவாளமும் தொங்கும் அறையிலே தனியே வாழ்கின்றான். குதிரை உதைத்து முதுகு வளைந்தவன். புத்தகம் படிப்பவன், மாநிலச் சட்ட நூலொன்றின் 1905 ஆம் ஆண்டுப் பதிப்பும் வைத்திருக்கின்றான். நிலத்தைத் தலையிற் சுமந்து வந்த நூற்றுக்கணக்கானோரைக் கண்டேன், ஒருவனுக்கும் நிலம் கையில் வரவில்லை என்று நகைத்த அவனே, கான்டியின் பணக்கணக்கைக் கேட்டபின், கூலியின்றியே வந்து உழைக்கிறேன், என்னையும் சேர்ப்பீர்களா என்று கேட்கின்றான். முதலாளியின் மருமகள் உள்ளே வந்து அவனை ஒரு சொல்லாலே அச்சுறுத்துகின்றாள். சில நிமிடத்தில் அவன் தன் விருப்பத்தை மீளப்பெற்றுக்கொள்கின்றான். கனவு வந்து, இருந்து, போனது அவ்வளவு நேரத்துள்.

அம்மருமகளுக்கு நூலிலே பெயரே இல்லை. கணவன் பெயரால் மட்டும் குறிக்கப்படுகின்றாள். இது குறை என்று நமக்குத் தோன்றிற்று; அவளும் பேச்சுத் துணையின்றி அலைபவளே. சினிமாவில் நடிக்கவேண்டும் என்ற கனவு அவளுக்கும் இருந்தது. நாடகத்தில் அப்பாத்திரமாக நடித்த குளெயர் லூஸ் என்பவருக்கு ஸ்ரைன்பெக் எழுதிய கடிதமொன்றில் அவளைப் பெரிதும் இரக்கத்தோடு விளக்கியிருக்கின்றார். அவ்விரக்கத்தில் ஒரு பங்கை நூலில் இன்னும் சற்று முன்னதாகவே காட்டியிருக்கலாம். மற்றொரு குறையும் உண்டு. அக்காலத்திலே சலீனாஸ் வயல்களில் உழைத்த மெக்சிக்கரும் பிலிப்பினரும் யப்பானியரும் இக்கதையில் இல்லை. பிலிப்பினத் தொழிலாளர் 1934 இல் அங்கே பெரிய வேலைநிறுத்தம் செய்தனர். ஒரு சிறு நூல் எல்லாவற்றையும் சுமக்காதெனினும், கண்முன் இருந்தோர் விடுபட்டனர் என்பது உண்மையே.

லெனி உண்மையில் வாழ்ந்த ஒருவன் என்று ஸ்ரைன்பெக் 1937 இல் நியூயோர்க் பத்திரிகையொன்றுக்குச் சொன்னார். பண்ணைகளிலே தாம் அவனோடு பல வாரம் வேலை செய்ததாகவும், தன் தோழனை வேலையிலிருந்து நீக்கிய மேற்பார்வையாளனை அவன் வைக்கோற் கவையாற் குத்திக் கொன்றதாகவும், பின்னர் மனநோயாளர் விடுதியில் அடைக்கப்பட்டதாகவும் கூறினார். இதை அறிந்தபின் நூலை மறுபடி படித்தோம். உண்மையிலே பலசாலி கொன்றது, நண்பனை இழந்த வெறியில். கதையிலே லெனி கொல்வது எலியை, நாய்க்குட்டியை, அப்பெண்ணை. எல்லாம் தடவப்போய் நேர்ந்தவை. வெறியை அகற்றிவிட்டு அன்பையே ஆபத்தாக்கினார் ஆசிரியர். நண்பனை இழக்கும் துயரை மற்றவனுக்கு மாற்றிக் கொடுத்தார்.

ஆற்றங்கரையிலே, துரத்தி வருவோர் சேருமுன், ஜோர்ஜ் அந்த நிலத்தின் கதையை லெனிக்குக் கடைசி முறையாகச் சொல்லி, பின்தலையிலே சுடுகின்றான். அது கருணை என்பர் பலர். வகுப்பறைகளிலே விவாதம் நடத்துவதற்கு ஏற்ற பொருள். நாம் அதைக் கருணை என்று சொல்லத் துணியமாட்டோம். கொலை என்று சொல்லவும் நா எழவில்லை. ஆனால் ஒன்று கவனிக்கத்தக்கது. லெனி இறக்குமுன்பே, பெண்ணின் பிணத்தைக் கண்ட கணத்தில், இனி அந்த நிலம் இல்லை என்று ஜோர்ஜ் அறிந்துகொள்கின்றான். கான்டி விடாமற் கேட்கின்றான், நாம் இருவரும் போய் வாங்கலாமே என்று. பணக்கணக்கின்படி வாங்கலாந்தான். ஆயினும் அக்கனவு கேட்பதற்கு ஒருவன் இருந்ததாலேயே கனவாக இருந்தது. ஜோர்ஜ் இனி மாதக் கூலியை வாங்கிக்கொண்டு நகரத்துக்குச் செல்லும் ஆயிரம் பேரில் ஒருவன்.

நூல் வெளிவந்த சில வாரங்களுள் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட பிரதிகள் விற்றன. அதே 1937 நவெம்பரில் நியூயோர்க்கில் நாடகமாக அரங்கேறி, 207 முறை நடிக்கப்பெற்று, விமரிசகர் வட்டத்தின் பரிசையும் பெற்றது. எழுதியவர் அரங்கேற்றத்துக்குப் போகவில்லை. அவ்வேளை அவர் மனம் வேறிடத்தில் இருந்தது. வரட்சியாலும் கடனாலும் ஒக்லஹோமா முதலிய மாநிலங்களிலிருந்து குடிபெயர்ந்து கலிபோர்ணியாவில் வந்து குவிந்த உழவர் குடும்பங்களைப் பற்றி 1936 இலேயே பத்திரிகைக் கட்டுரைகள் எழுதியிருந்தார். அதன் விளைவு 1939 இல் வந்த சினத்தின் திராட்சைகள் என்னும் பெருநாவல். அது புலிற்சர் பரிசு பெற்றது. கேண் என்ற மாவட்டத்தின் நூலகங்களிலிருந்து விலக்கப்பட்டது. பிறந்த ஊரான சலீனாஸிலே தீயிலும் இடப்பட்டது. அந்நூலைப் பற்றி எழுதுவோர் ஏராளம். நாம் இத்துடன் அமைகின்றோம்.

புகழ் வந்ததும் வீடு குலைந்தது. கரோலோடு மணமுறிவு 1943 இல். அதே ஆண்டு குவின் கொங்கர் என்பவரை மணந்து இரு ஆண்மக்களைப் பெற்றார்; அம்மணமும் 1948 இல் முறிந்தது. நிலைத்தது றிக்கற்ஸின் நட்பே. 1940 இல் இருவரும் ஒரு மீன்பிடிப் படகிலே கலிபோர்ணியா வளைகுடாவுக்குச் சென்று கடலுயிர்களைச் சேகரித்து, மறு ஆண்டிலே கூட்டாக ஒரு நூலும் வெளியிட்டனர். 1945 இல் வந்த கனரி றோ என்னும் நாவலின் நாயகனான டொக் என்பவர் றிக்கற்ஸின் படிவமே.

1948 மே மாதம் 8 ஆந் தேதி மாலை, ஆய்வுகூடத்துக்கு அண்மையிலுள்ள கடவையிலே றிக்கற்ஸின் மோட்டார் வண்டியை இரயில் மோதியது. மூன்று நாட் கிடந்து இறந்தார். நியூயோர்க்கிலிருந்து விமானத்தில் விரைந்த ஸ்ரைன்பெக் உயிரோடு அவரைக் காணவில்லை. ஆய்வுகூடத்துட் சென்று, தாம் நண்பருக்கு எழுதிய கடிதங்களைத் தீயிட்டார் என்று அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். அம்மாரிகாலத்தில் பசிபிக் குறோவிலே தந்தையாரின் பழைய சிறுவீட்டிற் போய்த் தனியே இருந்தார். தோட்டத்தைத் திருத்தினார், எழுத்து ஓடவில்லை. பதினோராண்டுக்கு முன்னர் ஜோர்ஜைப் பற்றி எழுதியவருக்கு, கேட்பவன் போனபின் சொல்பவனுக்கு என்ன மிஞ்சும் என்பது அப்போதுதான் தெரிந்தது போலும். நண்பரைப் பற்றி 1951 இல் அவர் எழுதிய நீண்ட கட்டுரை, நம் மதிப்பிலே, அவருடைய உரைநடையின் உச்சங்களில் ஒன்று.

1950 இல் எலெயின் என்பவரை மணந்தார். அம்மணம் இறுதிவரை நின்றது. தாய்வழி முன்னோரையும் சலீனாஸ் பள்ளத்தாக்கையும் பற்றி ஏதேனுக்குக் கிழக்கே என்னும் நாவலை 1952 இல் வெளியிட்டார். அதன்பின் வாழ்ந்தது நியூயோர்க்கிலேயே.

இனி அந்தப் பழைய விளையாட்டுக்கு வருவோம். ஐம்பது வயது கடந்தபின், மலோரியின் ஆதர் கதைகளை இக்கால இளைஞர் படிக்கும் ஆங்கிலத்திலே எழுதவேண்டும் என்ற ஆவல் அவரைப் பற்றிக்கொண்டது. பழஞ் சுவடிகளை ஆராய்ந்தார். மலோரிப் புலவரான வினாவர் என்னும் பேராசிரியரின் நட்பைத் தேடிக்கொண்டார். 1959 இல் மனைவியோடு இங்கிலாந்து சென்று, சமர்செற் பகுதியிலே ஒரு பழைய குடிசையை வாடகைக்கு எடுத்து, பல மாதம் அதே வேலையாக இருந்தார். எழுதிய பகுதிகளை நியூயோர்க்கிலிருந்த தம் இலக்கிய முகவர்க்கு அனுப்பினார். அவர்களுக்கு அது திருப்தியளிக்கவில்லை. மனம் தளர்ந்து, வேலையைக் கைவிட்டு ஊர் திரும்பினார். மறுபடி எடுப்பேன் என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார். கான்டியின் வங்கிப் பணம்போல, எல்லாம் இருந்தும் நிலம் கைக்கு வரவில்லை.

1962 இல் நோபெல் பரிசு வந்தது. அதற்கு அவர் தகுதியுடையவரா என்று அவர் நாட்டுப் பத்திரிகைகளே ஐயம் எழுப்பின. அவரிடமே கேட்டபோது, இல்லை என்று மறைக்காமற் சொன்னார். அதன்பின் ஒரு நாவலும் அவர் எழுதவில்லை. 1968 டிசெம்பர் 20 ஆந் தேதி, 66 ஆம் வயதில், நியூயோர்க்கிலே இருதய நோயால் மறைந்தார். சாம்பலைச் சலீனாஸுக்குக் கொண்டுசென்று தாய்வழிக் குடும்பத்தின் இடுகாட்டிற் புதைத்தனர். அவர் நூலை எரித்த ஊரிலே இன்று பொது நூலகத்துக்கு அவர் பெயர். 1998 இல் திறந்த பெரிய நினைவு நிலையமும் உண்டு.

முற்றுப்பெறாத ஆதர் கதைகள், இருந்தபடியே, 1976 இல் அச்சாகின. முன்பக்கத்திலே மலோரியின் பழைய நடையில் அவர் எழுதி வைத்த ஒரு காணிக்கையுரை இருக்கின்றது. ஒன்பது வயதில் தாம் வீரனாகியபோது ஆறு வயதில் ஏவலிளைஞனாக நின்று தமக்குப் பணிசெய்த தங்கை மேரிக்கு, அக்காலத்திலே பெண்ணென்பதால் மறுக்கப்பட்ட வீரப்பட்டத்தை அதிலே அவர் அளித்திருக்கின்றார்.